கடலில் துண்டு போட்டவர்கள்

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கலையைக் கண்டுபிடித்த மகானுக்கு இன்னும் யாரும் சிலை வைக்கவில்லை. வைப்பதாக இருந்தால் நன்கொடையாக 10 ரூபாய் தருகிறேன். அதற்கு மேல் கேட்காதீர்கள். அந்தக் கலையால் நான் பட்ட பாடு அப்படி.

ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி. திருச்சி பஸ் ஸ்டாண்டு. திருநெல்வேலி பஸ் உள்ளே நுழைந்து நிற்பதற்குள் ஒரு பையன் கூடவே ஓடி வந்து, ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை உள்ளே செருகி, மூன்று பேர் உட்காருகிற ஸீட்டில் ஒரு துண்டை விரித்துவிட்டான். 18 வயசு இருக்கும். முழங்கையில் சிராய்ப்பு, லேசாக ரத்தம். நான் கனவானைப் போல வாசல் வழியாக ஏறி, நாலு பேர் காலை மிதித்து, ஆறு பேரிடம் திட்டு வாங்கி, அந்த ஸீட்டை அடைந்தபோது துண்டுக்குப் பக்கத்தில் பெரிய மீசையோடு ஒருவர் காவல் நின்றார்.

"ஆள் வருது சார்."

"மூணு ஸீட்டுக்குமா?"

"மூணுக்கும்தான்."

"துண்டு ஒண்ணுதானே இருக்கு?"

"நீளத் துண்டு சார்!"

இதற்கு என்ன பதில் சொல்ல? கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்கிறவனுக்குத்தானே யோசிக்க நேரம் இருக்கிறது. துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு இடமும் சொந்தமா? முதலில் போட்டவனுக்கா, மீசை வைத்தவனுக்கா, கண்டக்டர் கை காட்டுகிறவனுக்கா?

சிரிக்காதீர்கள். இதே கேள்வியை வைத்துக்கொண்டு உலக நாடுகள் சுமார் 400 வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டன. ஒரே வித்தியாசம், அவர்கள் துண்டு போட்டது கடலில்.

* * *

தரையில் எல்லை போடுவது சுலபம். கல் நடலாம். வேலி கட்டலாம். ராத்திரியோடு ராத்திரியாக அந்த வேலியை ஓரடி பக்கத்து வீட்டுக்குள் நகர்த்தலாம். கடலில் என்ன செய்வது?

1609-ல் ஹ்யூகோ குரோஷியஸ் என்கிற இளம் டச்சு வக்கீல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். கடல் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது என்பது சாராம்சம். கேட்டால் சித்தர் வாக்கு மாதிரி இருக்கிறது அல்லவா? பின்னணி வேறு. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அவர் தயாரித்த வாதத்தில் ஒரு பகுதிதான் அந்தப் புத்தகம். நம் பக்கம் வருகிற கடல் வழி தங்களுக்கு மட்டுமே என்று போர்ச்சுக்கீசியர்கள் அடம் பிடித்தார்கள். கம்பெனிக்கு மிளகும் கிராம்பும் வேண்டியிருந்தது. ஆக, "கடல் பொது" என்ற மகா தத்துவத்துக்குப் பின்னால் ஒரு கட்சிக்காரர் இருந்தார்.

சரி, நடுக்கடல் பொது. கரையை ஒட்டின கொஞ்சம் கடலாவது அந்த நாட்டுக்கு வேண்டாமா? 18-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பைங்கெர்ஷூக் என்ற இன்னொரு டச்சுக்காரர் ஒரு வழி சொன்னார். கரையில் நிற்பவனின் ஆயுதம் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம் அவனுக்கு. அதாவது பீரங்கிக் குண்டு விழுகிற தூரம். காலப்போக்கில் இது 3 கடல் மைல் என்று நிலைத்தது. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். 3 மைல் என்றால் சுமார் ஐந்தரை கிலோமீட்டர்.

அதற்கு அப்பால் எல்லாம் பொது. "பொது" என்ற வார்த்தைக்கு அகராதியில் என்ன அர்த்தமோ, நடைமுறையில் ஒரே அர்த்தம்தான். பெரிய கப்பல் வைத்திருப்பவனுக்கு!

1945 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் நவீன காலத்தின் முதல் பெரிய துண்டைப் போட்டார். கரையிலிருந்து கடலுக்கு அடியில் சரிந்துகொண்டே போகும் தரைக்குக் கண்டத்திட்டு என்று பெயர். எங்கள் கரையை ஒட்டின கண்டத்திட்டில் புதைந்திருப்பதெல்லாம் எங்களுடையது என்றார். எண்ணெய் அங்கேதான் இருக்கிறது. மேலே இருக்கிற தண்ணீர் பழையபடி பொதுவாகவே இருக்கட்டும் என்றும் சொன்னார். என்ன பெருந்தன்மை!

தென் அமெரிக்காவில் சிலியும் பெருவும் இதைப் பார்த்தன. அவர்கள் கரையில் கண்டத்திட்டு ரொம்பக் குறுகல். கொஞ்ச தூரத்திலேயே கடல் பாதாளத்துக்கு இறங்கிவிடும். "உனக்கு அடித்தரை என்றால் எங்களுக்குத் தண்ணீர்" என்று 1947-ல் இரண்டும் 200 மைல் துண்டாகப் போட்டுவிட்டன.

ஏன் 200? 150 போதாதா? இதை ஆராய்ந்தவர்கள் சொல்லும் கதை சுவையானது. சிலியில் திமிங்கில வேட்டைக் கம்பெனிக்காரர்களுக்கு 50 மைல் பாதுகாப்புக் கிடைத்தாலே போதும் என்ற நிலை. ஆனால் வக்கீலுக்கு ஒரு முன்னுதாரணம் வேண்டும். 1939-ல் உலகப் போர் தொடங்கியதும் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் பனாமாவில் கூடி, தங்களைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் அறிவித்திருந்தன. அதன் படம் ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. அந்தப் படத்தில் சிலிக் கரையிலிருந்து கோடு சுமார் 200 மைல் தள்ளி இருப்பதாகத் தெரிந்தது. போடு 200!

எனவே, இனிமேல் பத்திரிகையில் வருவதையெல்லாம் யார் சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று யாராவது கேட்டால், சர்வதேசச் சட்டமே எடுத்துக்கொண்டது என்று சொல்லுங்கள்.

* * *

இனி நம் கதாநாயகன். பெயர் ஐஸ்லாந்து. தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்ன நாடு. 1970-களில் மொத்த ஜனத்தொகை 2 லட்சத்துச் சொச்சம். ராணுவம் கிடையாது. கப்பற்படை கிடையாது. கடலோரக் காவலுக்குச் சில ரோந்துக் கப்பல்கள் மட்டும் உண்டு. எண்ணெய் கிடையாது. நிலக்கரி கிடையாது. சாப்பாடு, படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த நாட்டிடம் இருந்த ஒரே சொத்து மீன். முக்கியமாக, காட் மீன். காட் என்றால் கடவுள் இல்லை. ஆனால் ஐஸ்லாந்துக்காரனைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பான்.

எதிர்க்கட்சி, பிரிட்டன். ஆங்கிலேய மீனவர்கள் 15-ம் நூற்றாண்டிலிருந்தே ஐஸ்லாந்துக் கடலுக்குப் போய் வந்தவர்கள். நீராவி டிராலர் வந்தபிறகு அள்ள ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரன் தட்டில் உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பக்கத்தில் பொரித்துக் கிடக்கிற மீனில் பெரும்பகுதி அந்தக் காட்தான்.

ஐஸ்லாந்தின் கடல் எல்லை 3 மைல் என்று 1901-ல் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டது யார்? பிரிட்டனும் டென்மார்க்கும். ஐஸ்லாந்து அப்போது டென்மார்க்கின் கீழ் இருந்தது. நிச்சயதார்த்தம் முடிந்தபிறகு பெண்ணிடம் சொன்ன கதை.

1944-ல் ஐஸ்லாந்து குடியரசானது. பழைய ஒப்பந்தத்துக்கு நோட்டீஸ் கொடுத்தது. காரணத்தை என் பி.காம். பாஷையில் சொல்கிறேன். கடலில் இருக்கும் மீன் அசல். வருஷா வருஷம் குஞ்சு பொரித்துப் பெருகுவது வட்டி. வட்டியைத் தின்கிற வரை குடும்பம் ஓடும். வெளிநாட்டு டிராலர்கள் அசலிலேயே கை வைத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்காரன் சும்மா இருப்பானா?

1952-ல் எல்லையை 4 மைல் ஆக்கியது. கோபத்தில் பிரிட்டிஷ் டிராலர் முதலாளிகள் ஐஸ்லாந்து மீனைத் தங்கள் துறைமுகங்களில் இறக்க விடாமல் தடுத்தார்கள். "மீன் விற்காமல் என்ன செய்வாய், பார்க்கிறேன்" என்பது கணக்கு. ஐஸ்லாந்து, சோவியத் ரஷ்யாவிடம் போய் விற்றது. அமெரிக்காவோடு ராணுவக் கூட்டணியில் இருக்கும் நாடு, ரஷ்யாவுக்கு மீன் வியாபாரி! 1956-ல் தடை கைவிடப்பட்டது.

1958 செப்டம்பர் 1. எல்லை 12 மைல். பிரிட்டன் இந்தத் தடவை கப்பற்படையையே அனுப்பியது. மறுநாளே ஒரு கூத்து. ஐஸ்லாந்துக் காவல்காரர்கள் ஒரு பிரிட்டிஷ் டிராலரில் ஏறிப் பிடிக்க, பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து டிராலரை மீட்டு, ஏறியவர்களில் 9 பேரைத் தன் கப்பலில் அழைத்துக்கொண்டது. சில நாள் விருந்தாளியாக வைத்திருந்து, ஒரு ராத்திரி சிறு படகில் ஏற்றிக் கரைப் பக்கம் விட்டுவிட்டது. பத்திரிகைகள் இந்தச் சண்டைக்குக் "காட் யுத்தம்" என்று பெயர் வைத்தன.

இதற்கிடையே 1958-லும் 1960-லும் ஐ.நா. இரண்டு தடவை ஜெனீவாவில் மாநாடு கூட்டியது, எத்தனை மைல் என்று முடிவு பண்ண. இரண்டிலும் முடிவில்லை. 1960-ல் ஒரு சமரசத் திட்டம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. 1961-ல் பிரிட்டன், "சரி, 12 மைல். இதற்குமேல் தகராறு வந்தால் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் தீர்மானிக்கட்டும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பியது.

1972 செப்டம்பர் 1. எல்லை 50 மைல்! மறுபடியும் செப்டம்பர் 1. ஐஸ்லாந்துக்கு அது ராசியான தேதி போல.

இந்தத் தடவை ஐஸ்லாந்திடம் ஒரு புது ஆயுதம். துப்பாக்கி இல்லை, கத்திரி. நங்கூரம் மாதிரி ஒரு கொக்கி, அதில் கூர்மையான வெட்டும் பற்கள். ரோந்துக் கப்பல் அதைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, டிராலரின் பின்பக்கமாகக் குறுக்கே போகும். வலையை இழுக்கிற கம்பி அறுபடும். வலையும் போச்சு, அதில் இருந்த மீனும் போச்சு. ஒரு உயிருக்கும் ஆபத்து இல்லை, முதலாளியின் பாலன்ஸ் ஷீட்டைத் தவிர.

முதல் வெட்டு செப்டம்பர் 5-ந் தேதி. பெயரையும் நம்பரையும் மறைத்துக்கொண்டு மீன் பிடித்த ஒரு டிராலரை, "ஏகிர்" என்ற ரோந்துக் கப்பல் நெருங்கி எச்சரித்தது. டிராலரின் காப்டன் பதில் பேசவில்லை. ரேடியோவில் பிரிட்டனின் பெருமை பாடும் தேசபக்திப் பாட்டைப் போட்டார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே வெட்டிவிட்டார்கள். டிராலர்காரர்கள் ஆத்திரத்தில் கரித்துண்டுகளையும் குப்பையையும் ஒரு பெரிய கோடரியையும் வீசினார்கள். உலகின் பழம்பெரும் கடல் வல்லரசு குப்பை வீசிச் சண்டை போட்டது அன்றைக்குத்தான்.

எல்லாம் சிரிப்பு இல்லை. 1973 ஆகஸ்டில் ஏகிரும் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலும் மோதிக்கொண்டன. சேதமான இடத்துக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த ஏகிரின் என்ஜினீயர் மின்சாரம் தாக்கி இறந்தார்.

1974 ஜூலையில் ஹேக் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 10-க்கு 4 என்ற கணக்கில், ஐஸ்லாந்தின் 50 மைல் பிரிட்டனைக் கட்டுப்படுத்தாது, இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. ஐஸ்லாந்து என்ன செய்தது தெரியுமா? கோர்ட்டுப் பக்கமே போகவில்லை. தீர்ப்பு வந்த மறு வருஷம், 1975 அக்டோபரில் எல்லையை 200 மைல் ஆக்கியது. ஸீட்டு உனக்கு இல்லை என்று கண்டக்டர் சொன்னதும், நாலு ஸீட்டுக்குத் துண்டு போட்ட கதை.

மூன்றாவது யுத்தம்தான் மோசமானது. பிரிட்டன் மாற்றி மாற்றி மொத்தம் 22 ஃபிரிகேட் போர்க்கப்பல்களை அனுப்பியது. அவை நீர்மூழ்கிகளைத் துரத்தக் கட்டிய வேகமான, மெல்லிய தகடு கப்பல்கள். ஐஸ்லாந்தின் ரோந்துக் கப்பல்கள் சின்னவை, ஆனால் பனிக்கட்டியில் இடித்துப் பழகிய கனமான உடம்பு. இரண்டும் வேண்டுமென்றே இடித்துக்கொண்டன. 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து பிரிட்டனோடு தூதரக உறவையே முறித்தது. இரண்டும் நேட்டோ கூட்டாளிகள்.

எப்படி ஜெயித்தது? கெஃப்லவிக் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவ தளம் இருந்தது. அட்லாண்டிக்குக்குள் வரும் ரஷ்ய நீர்மூழ்கிகளைக் கண்காணிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. "இப்படியே போனால் தளத்தை மூட வேண்டியிருக்கும்" என்று ஐஸ்லாந்து ஜாடை காட்டியது. பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை, ஆனால் தெருவுக்கே தண்ணீர் தரும் கிணறு என் கொல்லையில் என்றால் தெருவே ஓடி வந்து சமாதானம் பண்ணாதா? 1976 ஜூன் 1-ந் தேதி ஆஸ்லோவில் கையெழுத்து. 24 டிராலர்கள், அதுவும் 6 மாதத்துக்கு மட்டும். பிறகு மூட்டை கட்ட வேண்டியது.

கிளைமாக்ஸ் இதுதான். ஐஸ்லாந்தின் 200 மைலை அக்கிரமம் என்று சொன்ன அதே பிரிட்டன், 1977 ஜனவரி 1 முதல் தன் கரையைச் சுற்றி எவ்வளவு மைல் மீன்பிடி எல்லை போட்டது? 200.

1982-ல் ஜமைக்காவில் கையெழுத்தாகி 1994-ல் அமலுக்கு வந்த ஐ.நா. கடல் சட்டம் இதை எழுத்தாக்கியது. 12 மைல் வரை அந்த நாட்டின் கடல். 200 மைல் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம். மற்றவர் கப்பல் தாராளமாகப் போய் வரலாம், மீனும் எண்ணெயும் மட்டும் கரைக்காரனுக்கு. 160-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. 1945-ல் முதல் துண்டைப் போட்ட அமெரிக்கா இன்னும் சேரவில்லை.

* * *

இத்துடன் கதையை முடித்தால் எல்லாரும் கை தட்டலாம். ஒல்லிப் பையன் பயில்வானை ஜெயித்த எம்.ஜி.ஆர். படம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கை தட்டிக்கொண்டிருந்தேன். நியாயம் ஐஸ்லாந்து பக்கம்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் படித்தவனுக்கு ஒரு கெட்ட வழக்கம். வரவு எழுதியாயிற்று, பற்று யார் பேரில் என்று தேடுவான்.

தேடினால், ஹல் என்ற ஊர் வருகிறது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் துறைமுகம். பக்கத்தில் கிரிம்ஸ்பி. டிராலர் தொழிலாளர்களின் ஊர்கள். 1968 ஜனவரி, பிப்ரவரியில் ஒரு மாதத்துக்குள் ஹல் நகரின் 3 டிராலர்கள் வடக்குக் கடல்களின் பனியிலும் புயலிலும் மூழ்கி 58 பேர் செத்தார்கள். கப்பலில் ரேடியோ ஆபரேட்டர் வேண்டும் என்று கேட்டு அந்த ஊர்ப் பெண்கள் லில்லியன் பிலோக்கா என்ற மீன் ஆலைத் தொழிலாளியின் தலைமையில் போராடித்தான் பாதுகாப்பு விதிகள் வந்தன. அப்படிப்பட்ட வேலை அது.

மூன்றாவது டிராலர் மூழ்கியது ஐஸ்லாந்தின் வடமேற்கில் ஒரு குறுகிய கடல் கைக்குள். அதே புயலில், அதே இடத்தில், கிரிம்ஸ்பியின் "நாட்ஸ் கவுன்ட்டி" டிராலர் தரை தட்டி உறைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து 18 பேரை உயிரோடு மீட்டது யார்? "ஓடின்" என்ற ஐஸ்லாந்து ரோந்துக் கப்பல். அதன் காப்டனுக்குப் பிரிட்டன் விருது கொடுத்தது. நாலே வருஷத்தில் எல்லைத் தகராறு மறுபடி வெடித்தபோது, பிரிட்டிஷ் டிராலர்களைத் துரத்திய கப்பல்களில் அதே ஓடினும் ஒன்று. இன்றைக்கு அது ரெய்க்யவிக் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. துரத்தியவனுக்கும் ஓடியவனுக்கும் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் கிடையாது.

1976-க்குப் பிறகு ஹல், கிரிம்ஸ்பி, ஃப்ளீட்வுட் துறைமுகங்களில் தூரக்கடல் டிராலர்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டப்பட்டன. முதலாளிகள் கப்பலை விற்றார்கள், காயலான் கடைக்குப் போட்டார்கள். தொழிலாளி? 20 வருஷம், 30 வருஷம் ஒரே கம்பெனிக்கு வலை இழுத்தவன் கணக்கு முடிக்கப் போனான். "நீ கேஷுவல் லேபர். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகத்தானே கையெழுத்துப் போட்டாய்? ஆட்குறைப்பு நஷ்ட ஈடு உனக்குக் கிடையாது" என்றார்கள்.

ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர்களே, இந்த வாக்கியத்தை எங்கேயாவது கேட்ட மாதிரி இருக்கிறதா? டெம்பரரி, கான்ட்ராக்ட், அவுட்சோர்ஸிங் என்று பேர் மாறும். டியூன் ஒன்றுதான்.

அவர்கள் விடவில்லை. வருஷக் கணக்காக மனுப் போட்டார்கள். அரசாங்கம் நஷ்ட ஈட்டுத் திட்டம் அறிவித்தது 2000-ல். அதாவது 24 வருஷம் கழித்து. அதிலும் பயணத்துக்கும் பயணத்துக்கும் நடுவே இடைவெளி என்று கழித்துக் கழித்து, பலருக்குக் குறைந்த தொகை. அவசரத்தில் அள்ளித் தெளித்த திட்டம் என்று பாராளுமன்றத்தின் குறைதீர்ப்பு அதிகாரியே 2007-ல் சொன்னார். அதற்குள் எத்தனையோ பேருக்கு விதவை மனைவிதான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

சரி, தோற்ற நாட்டுத் தொழிலாளி கதை அப்படி. ஜெயித்த நாட்டில்?

ஐஸ்லாந்துக்கு 200 மைலால் கிடைத்தது சுமார் 7½ லட்சம் சதுர கிலோமீட்டர் கடல். தரையைப் போல 7 மடங்கு. கொஞ்ச நாளில் அவர்களுடைய டிராலர்களே அசலைத் தின்ன ஆரம்பித்தன. எனவே 1984-ல் காட் மீனுக்குக் கோட்டா. இந்தப் படகு இவ்வளவுதான் பிடிக்கலாம். நல்ல ஏற்பாடு. முந்தின சில வருஷங்களில் எந்தப் படகு எவ்வளவு பிடித்ததோ அந்தக் கணக்கில், படகுக்காரர்களுக்கு இலவசமாகவே பங்கு கொடுத்தார்கள். அந்தப் படகில் வலை இழுத்தவனுக்குப் பங்கு இல்லை. 1990-ல் வந்த சட்டம் முதல் ஷரத்தில் "மீன் வளம் ஐஸ்லாந்து மக்களின் பொதுச்சொத்து" என்றது. அதே சட்டத்தில் கோட்டாவை விற்கலாம், வாங்கலாம் என்றும் இருந்தது. ஷேர் மார்க்கெட் மாதிரி. பல சின்ன ஊர்களில் கோட்டா பெரிய கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வாசலில் கடல் இருக்கும், மீன் இருக்கும், பிடிக்க உரிமை இருக்காது.

கோட்டா இல்லாமல் மீன் பிடித்துத் தண்டனை பெற்ற 2 மீனவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். பொதுச்சொத்து என்று எழுதிவிட்டு, முதலில் வந்தவர்களுக்கு மட்டும் நிரந்தரமாகக் கொடுப்பது பாரபட்சம் என்று 2007-ல் அந்தக் குழு சொன்னது.

கடல் சட்டம் ரொம்பக் கெட்டிக்காரத்தனமான சட்டம். இந்த மீன் எந்த நாட்டுக்கு என்று கச்சிதமாகச் சொல்லிவிடும். அந்த நாட்டுக்குள் யாருக்கு என்று கேட்டால் வாயைத் திறக்காது. கேட்க வேண்டியது நாம்.

* * *

நம்ம ஊர்க் கதையைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. இந்தியாவும் அதே 1976-ல்தான் 200 மைலுக்குச் சட்டம் போட்டது. ஆனால் ராமேஸ்வரத்தில் நின்றுகொண்டு 200 மைல் துண்டு போட இடம் ஏது? எதிரே கொஞ்ச தூரத்திலேயே தலைமன்னார். இரண்டு துண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். அப்படி விழுகிற இடத்தில் பேசிப் பிரித்துக்கொள் என்பதுதான் சட்டம். பாக் நீரிணையில் 1974-லும் மன்னார் வளைகுடாவில் 1976 மார்ச்சிலும் இந்தியாவும் இலங்கையும் கோடு போட்டன. அங்கே வட அட்லாண்டிக்கில் கப்பல்கள் இடித்துக்கொண்டிருந்த அதே மார்ச். 1974 கோட்டில் கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது.

அந்தக் கோடு சரியா தப்பா என்று மேடையில் நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்கிறேன். கோடு தாண்டியதாகப் பிடிபட்டு ஜெயிலில் கம்பி எண்ணுகிறவர்களில், படகுக்குச் சொந்தக்காரர் எத்தனை பேர், கூலிக்கும் பங்குக்கும் போனவர் எத்தனை பேர்? கோட்டுக்கு அந்தப் பக்கம், போர் முடிந்து பல வருஷம் கழித்துச் சின்னப் படகோடும் சின்ன வலையோடும் கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணத்து மீனவர் யார்? அவரும் தமிழ்தான் பேசுகிறார். நம் பக்கத்து விசைப்படகின் இழுவை மடி தன் வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்று புகார் சொல்கிறார். ஐஸ்லாந்துக்காரர் சொன்ன அதே புகார்.

* * *

பஸ்ஸைப் பாதியில் விட்டுவிட்டேன். கண்டக்டர் வந்தார். மீசைக்காரரையும் என்னையும் பார்த்தார். "துண்டுக்கெல்லாம் டிக்கெட் கிடையாது சார், ஆளுக்குத்தான்" என்றார். ஆஹா, நீதி ஜெயித்தது என்று நான் நிமிர்ந்தேன். அதற்குள் மீசைக்காரரின் சம்சாரமும் வயசான அம்மாவும் பட்சணக் கூடைகளோடு ஏறிவிட்டார்கள். மூன்று பேர், மூன்று ஸீட்டு. அந்தம்மாவைப் பார்த்தபிறகு எனக்கும் கேட்க மனசு வரவில்லை. நியாயம்தான்.

பஸ் கிளம்பி விராலிமலை தாண்டிய பிறகுதான் கவனித்தேன். எனக்குப் பக்கத்தில் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஜன்னல் வழியாகத் துண்டு போட்ட அந்தப் பையன். மீசைக்காரரின் கடையில் வேலை பார்ப்பவன். ஊர் வரைக்கும் மூட்டை தூக்க வந்திருக்கிறான். முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"நீ போட்ட துண்டுதானே தம்பி?" என்றேன்.

"ஆமாண்ணே."

"அப்போ உனக்கு ஸீட்டு?"

என்னை விநோதமாகப் பார்த்தான்.

"துண்டு மொதலாளியோடதுண்ணே."